புனோம் பென்னில் கன்னியம்மா கேட்டது

1. மிஷின் படிக்காத விரல்

புனோம் பென் ஏர்போர்ட்டில், இமிக்ரேஷன் கவுன்டரில் இருந்த அதிகாரி கன்னியம்மாவின் வலது கையைக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார். மிஷின் சிவப்பு காட்டியது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். சிவப்பு. இடது கையை வைத்தார். சிவப்பு. கட்டைவிரல்களையும் வைத்துப் பார்த்தாயிற்று. அதற்கும் சிவப்புதான்.

"இன்னா பாயம்மா, மிசினு என்னிய வேணாங்குதா?" என்று கன்னியம்மா திரும்பி என்னைக் கேட்டார். பயந்து கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் வரிசையில் கடைசி ஆள். டூர் மேனேஜர் எப்போதும் கடைசியில்தான் நிற்க வேண்டும். தன் ஆட்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தன் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்பதால், முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பேர் மெஹருன்னிசா. பழவேற்காட்டுக்காரி. வாப்பா கடைத்தெருவில் லுங்கி வியாபாரம் செய்தார். நான் சென்னையில் ஒரு டிராவல் கம்பெனியில் சேர்ந்து தென்கிழக்கு ஆசியா செக்டரிலேயே என் சர்வீஸை முடித்தேன். பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் எனக்கு மவுன்ட் ரோடு மாதிரி. ஆனால் புனோம் பென்னுக்கு நம் ஆட்கள் அதிகம் போவதில்லை. போகிறவர்களும் அங்கோர் கோயில்களுக்குப் போகிற வழியில் ஒரு நாள் தங்குவதோடு சரி. ஏரிகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம், பழவேற்காட்டு ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்கள் கம்போடியாவில் ஏரியையும் ஆற்றையும் நம்பிப் பிழைக்கிறவர்களைப் பார்த்துப் பேசட்டும் என்று ஒரு குரூப்பை அனுப்பியது. ஏரிக்காரர்கள் பேசுகிற பேச்சு எனக்குத்தான் புரியும் என்று கம்பெனி என்னைப் போட்டது.

குரூப்பில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். பசியாவரம் தேசிங்கு, ஊர்ப் பெரியவர்களில் ஒருவர், ஏரியில் வலை கட்டுகிறவர். கோட்டைக்குப்பம் பவுனம்மா, மீன் வியாபாரி. மூன்றாவது கன்னியம்மா. அவருக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்தளவுக்குத் தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார். அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் அதுதான் வேலை.

அந்த வேலையில் கைரேகை தேய்ந்துபோகும். ரேஷன் கடையில் இதே தொல்லை உண்டு. பாஸ்போர்ட் எடுத்த சமயத்தில் கன்னியம்மா காலில் அடிபட்டு வீட்டில் இருந்தார். தண்ணீரில் இறங்காததால் ரேகை வளர்ந்து, பாஸ்போர்ட் ஆபீஸ் மிஷினில் விழுந்துவிட்டது. பிறகு கிளம்புகிற நாள்வரை ஏரியில் இறங்கியிருக்கிறார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். "தீக்காயமா? இதற்கு முன்னால் வேறு பேரில் வந்திருக்கிறாரா?"

அடையாளத்தை மறைக்க விரலைச் சுட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் சுலபமாகப் போகாது. எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். ரேகை விழவில்லை என்றால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்ப நேரிடும் என்று ஒரு பெண் மேலதிகாரி சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"இன்னா வேலைனு கேக்கறாங்களா? நானே காட்டறேன்" என்றார் கன்னியம்மா.

தரையில் குந்தி உட்கார்ந்தார். கைப்பையின் வாரைப் பல்லில் கவ்விக்கொண்டார். இரண்டு கையையும் அந்த வழவழப்பான டைல்ஸ் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே முன்னால் நகர்ந்தார். ஒரு இடத்தில் சட்டென்று உள்ளங்கையைக் கவிழ்த்தார், எதையோ பிடித்தார், பைக்குள் போட்டார். மேலதிகாரி அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு எழுந்து போய் வெந்நீரில் நனைத்த துண்டு ஒன்றைக் கொண்டு வந்து, கன்னியம்மாவின் விரல்களைச் சுற்றிப் பொத்தி வைத்தார்.

இதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் குரூப் கூடிவிட்டது. பவுனம்மாதான் சத்தம் போட்டார். "பாயம்மா! என் பையில தேங்காண்ண கீது. தடவினா வுளும். எங்க ரேசன் கடையில அப்பிடித்தான் செய்வாங்க!"

காவலர் ஒருவர் அந்தச் சின்ன எண்ணெய்ப் புட்டியை வாங்கி வந்து கொடுத்தார். தடவி, துடைத்து, மறுபடி கண்ணாடி மேல் வைத்தோம். இடது மோதிர விரல் பச்சை. பிறகு நடுவிரல். இரண்டு விரல் போதும் என்று மேலதிகாரி முத்திரை குத்தினார்.

கையால் வேலை செய்கிறவர்கள் குரூப்பில் இருந்தால் புறப்படுவதற்குச் சில நாள் முன்னாலிருந்தே கையில் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். வரிசையில் அவர்களை முன்னால் நிறுத்துங்கள். அதன் பிறகு நான் அப்படித்தான் செய்தேன்.

2. யாரோடு யார்

வெளியே எங்கள் லோக்கல் கைடு காத்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். பேர் தாரா.

"தாராவா? பொம்பளப் பேரு ஆச்சே!" என்றார் தேசிங்கு.

நான் மொழிபெயர்த்ததும் கைடு சிரித்துவிட்டு, தங்கள் மொழியில் தாரா என்றால் நட்சத்திரம், ஆண்களுக்கு வைக்கிற பேர் என்றார். "நம்ம பேரு மாதிரி கீது, ஆனா நம்ம பேரு இல்ல" என்று தேசிங்கு சொன்னது அந்த ஊருக்கே பொருந்தும். அங்கே முதல் நாள் எல்லாமே அப்படித்தான் தோன்றும்.

ஹோட்டல் ஆற்றைப் பார்த்த மாதிரி. பவுனம்மாவுக்கும் கன்னியம்மாவுக்கும் ஒரே ரூம். சாவி கொடுக்கும்போது பவுனம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னிய வேற யாரோடயாச்சும் போடு பாயம்மா. அவங்களோட வேணாம்."

"ஏன்?"

"ஏன்னா இன்னா ஏன்? நீயும் நம்ம ஊருதானே. உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஒரே ஏரியில் பிழைத்தாலும் வலைக்காரர்கள் வீட்டில் கை தடவிப் பிடிக்கிறவர்கள் வாசலைத் தாண்டுவதில்லை. கன்னியம்மா லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுகிற தூரம். டூர் மேனேஜருக்குத் தனி ரூம் தருவார்கள், அதில் இரண்டு கட்டில் இருந்தது. கன்னியம்மாவை என்னோடு வைத்துக்கொண்டேன்.

லிஃப்டில் ஏறியதும் அவர் சொன்னார். "எனக்கு இத்தெல்லாம் பளக்கம் பாயம்மா. எண்ண குடுக்க வருது, பக்கத்துல படுக்க வரல. அது எப்படினுதான் எனக்கு வெளங்கல."



3. ஊரைப் பார்க்கிற விதம்

புனோம் என்றால் அவர்கள் மொழியில் குன்று. பென் என்பது ஒரு பெண்ணின் பேர். ஆற்றில் மிதந்து வந்த மரத்துக்குள் புத்தர் சிலைகள் இருந்ததாம், அந்த அம்மா அவற்றை எடுத்து, மண்ணைக் குவித்துக் குன்று எழுப்பி, மேலே கோயில் கட்டினாராம். குன்று இப்போதும் நகரத்துக்கு நடுவில் இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்காது, அவ்வளவுதான் உயரம். புதிதாகப் போகிறவர்களை முதலில் அங்கே கூட்டிப் போங்கள். ஊருக்கு ஏன் அந்தப் பேர் என்று தெரிந்துவிட்டால் பாதி ஊர் பழகின மாதிரி.

இரண்டாவது இடம் ஆற்றங்கரை. அரண்மனைக்கு எதிரே மேட்டில் நின்றால் பெரிய நீர்ப்பரப்பு தெரியும். வடக்கேயிருந்து மீகாங் வருகிறது, டோன்லே சாப் என்ற ஆறு வந்து கலக்கிறது, கலந்த தண்ணீர் இரண்டாகப் பிரிந்து கடல் பக்கம் போகிறது. அந்த இடத்தின் பேரை தாரா 'சக்தமுக்' என்றார். நாலு முகம். நம் சதுர்முகம்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது.

அரண்மனைக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். என் குரூப்பில் எல்லோரும் புடவை, வேட்டி. வாசலில் எங்களைத்தான் முதலில் உள்ளே விட்டார்கள், அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் வெளியே துணி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாலர், ரியெல் இரண்டும் அங்கே செல்லும். டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள், பாங்கிலிருந்து புது நோட்டாக வாங்கிப் போங்கள். டுக்-டுக் என்பது நம் ஷேர் ஆட்டோ மாதிரி, எதிரெதிரே உட்காரலாம். ரோடைக் கடக்கும்போது ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் பைக்குகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகும். பவுனம்மாவுக்கு மட்டும் இது கடைசிவரை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வார். பன்றிக்கறி வேண்டாம் என்பவர்கள் 'ஒட் சாச் ச்ருக்' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நான் அங்கே அதிகம் பேசிய வாக்கியம் அதுதான்.

பெரிய மார்க்கெட் மஞ்சள் நிறத்தில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். அங்கே கட்டம் போட்ட துணி ஒன்று எல்லோர் தோளிலும் கிடந்தது. 'க்ரமா' என்கிறார்கள். தலைக்குக் கட்டுகிறார்கள், பிள்ளையைத் தூக்குகிறார்கள், துவட்டுகிறார்கள். பழையகாட் என்று எங்கள் ஊர்ப் பேரில் விற்கிற லுங்கியின் கட்டத்தைப் பார்த்து வளர்ந்த நான், அந்தத் துணியை விரலால் நெருடி நெருடிப் பார்த்துக்கொண்டிருந்ததில் குரூப்பைத் தவறவிட்டுவிட்டேன். டூர் மேனேஜரே தொலைந்துபோன கதை அது ஒன்றுதான்.

அவர்களைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. கருவாட்டுப் பக்கம் போனேன், அங்கே இருந்தார்கள். 'ப்ரஹோக்' என்று ஒன்று விற்கிறார்கள். மீனை உப்புப் போட்டு ஊறவைத்து, குழம்பின் அடி மண்டி மாதிரி ஆக்கியது. வாடை தெரு முனைக்கு வரும். மற்ற டூரிஸ்டுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் பவுனம்மா ஒரு துளியை நாக்கில் வைத்து, "உப்பு சாஸ்தி. ஆனா மீனு நல்ல மீனு" என்றார்.

ஒரு நாள் பழைய பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனோம். ஒரு காலத்தில் ஆட்சிக்கு வந்தவர்கள் இந்த ஊர் முழுவதையும் காலி செய்து, ஜனங்களை வயல்காட்டுக்கு விரட்டிவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தைச் சிறை ஆக்கியிருந்தார்கள். உள்ளே போனவர்களில் திரும்பியவர்கள் ரொம்பக் குறைவு. சுவர் முழுக்க அவர்களுடைய போட்டோ.  வெளியே மரத்தடியில் வந்து உட்கார்ந்த பிறகு கன்னியம்மா தாராவைக் கேட்டார்.

"ஊரையே காலி பண்ணாங்கனு சொல்றியே தம்பி, அப்பால திரும்பி வந்தவங்களுக்கு அவங்கவங்க வூடு கெடச்சிதா?"

 எத்தனையோ குரூப்பைக் கூட்டி வந்திருக்கிறேன், இதை யாரும் கேட்டதில்லை என்றார் தாரா. "இல்லை. முதலில் வந்தவர்கள் எந்த வீடு காலியாக இருந்ததோ அதில் நுழைந்தார்கள். எங்கள் தாத்தா வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தாத்தா வேறு யாருடைய வீட்டிலோ இருந்தார்."

"கேட்டாரா அவங்கள?"

"அவர்களும் தங்கள் வீட்டை இழந்து வந்தவர்கள்தான். என்னவென்று கேட்பது?"

கன்னியம்மா தலையை ஆட்டினார். அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தார் போல. சாயந்திரம் ரூமில் ஜன்னலோரம் நின்று, கீழே தெரிந்த வீடுகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

4. திரும்பி ஓடும் ஆறு

புனோம் பென்னில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் மட்டும் சொல்லலாம் என்றால் நான் டோன்லே சாப் ஆற்றைச் சொல்வேன். வருஷத்தில் பாதி நாள் அது ஏரியிலிருந்து கடல் பக்கம் ஓடுகிறது. மழைக்காலம் வந்து மீகாங் பெருகியதும், அந்தத் தண்ணீர் தள்ளுகிற தள்ளலில் இந்த ஆறு அப்படியே திரும்பி ஏரிக்குள் ஓடுகிறது. ஏரி பல மடங்கு பெருகுகிறது. மழை ஓய்ந்ததும் மறுபடி இந்தப் பக்கம். அது திரும்புகிற சமயத்தில் படகுப் போட்டி வைத்துத் திருவிழாவே கொண்டாடுகிறார்கள்.

இதை தாரா சொன்னபோது தேசிங்கு என் காதில், "புளுவுறான் பாயம்மா" என்றார். "கடல் ஏத்தம் வத்தம்னு சொல்லு, நம்புறேன். நம்ம மொகத்துவாரத்துல தெனம் உள்ள போவுது, வெளிய வருது. ஆறு மாசம் அந்தப் பக்கம், ஆறு மாசம் இந்தப் பக்கமா?"

படித்துறையில் இறங்கி ஒரு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தடவை வைத்தார். "உப்பே இல்ல. சுத்தமா நல்ல தண்ணி. கடலு இங்க வர்ல." அப்போது அவர் முகத்தில் சந்தேகம் போய் வேறு ஏதோ வந்தது. தாரா கரைச் சுவரில் வெகு உயரத்தில் இருந்த சேற்றுக் கோட்டைக் காட்டினார், மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரைக்கும் நிற்கும் என்றார். தேசிங்கு நிமிர்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்போ மீனுக்கு எப்படித் தெரியும், எந்தப் பக்கம் போவணும்னு?" என்று தானாகவே கேட்டுக்கொண்டார்.

பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் திரும்புகிற அன்று ஆறு நிற்குமா? படகு அசையாதா? சேறு எந்தப் பக்கம் ஒதுங்கும்? தாராவுக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை நாளைக்கு மீன்காரர்களிடமே கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். நல்ல கைடு என்று அப்போதுதான் முடிவு செய்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கைடு கிடைப்பது அபூர்வம்.

5. எல்லாருக்குமா?

மறுநாள் ஆற்றின் மேல் பக்கமாகப் படகில் போனோம். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாக நீளமான பை வலைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஏரியிலிருந்து திரும்பி வருகிற மீன் அந்தப் பைகளுக்குள் வந்து விழுகிறது. ஒவ்வொரு வலைக்கும் ஒரு மிதவை வீடு. வலைக்குப் பேர் 'டாய்'. "நம்மூர்ல டாய்னு சொன்னா அடிக்க வர்றானுங்கனு அர்த்தம்" என்று தேசிங்கு சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

மிதவையில் வயதான வலைக்காரர் ஒருவர் எங்களை வரவேற்றுப் பாய் போட்டார். எங்கள் கண் எதிரே வலையைத் தூக்கினார்கள். விரல் நீள மீன்கள் வெள்ளியாகக் கொட்டின. கரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் தலைகளைக் கிள்ளி, ப்ரஹோக்குக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கன்னியம்மா பாயில் உட்காரவில்லை. பலகை வழியாகக் கரைக்குப் போய் அந்தப் பெண்களோடு குந்திவிட்டார். பாஷை தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் கையும் தலை கிள்ளிக்கொண்டிருந்தது.

மிதவையில் பேச்சு நடந்தது. தேசிங்கு தமிழில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் தாராவுக்குச் சொல்வேன், தாரா அவர்கள் மொழியில் சொல்வார். பதில் அதே வழியில் திரும்பி வரும்.

இந்த இடம் உங்களுக்கு எப்படி வந்தது என்று தேசிங்கு கேட்டார். அரசாங்கம் ஏலம் விடும், எடுத்தவர்களுக்குச் சில வருஷம் என்றார் வலைக்காரர்.

தேசிங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ஏரியில ஏலம் கெடையாது. வலை கட்டற எடத்துக்குப் பாடுனு பேரு. ஊர்ல சீட்டுக் குலுக்குவோம். இன்னிக்கு எனக்கு நல்ல பாடு வந்தா, அப்பால அடுத்தவனுக்கு. காசு கீறவன், இல்லாதவன்னு பேதம் இல்ல. எல்லாருக்கும் மொற உண்டு."

வலைக்காரர் ஆச்சரியப்பட்டுப் போனார். ஏலமே இல்லாமலா, சண்டை வராதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். தேசிங்குவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. கன்னியம்மா பலகையில் நின்றுகொண்டிருந்தார். கை முழுக்கச் செதில்.

"எல்லாருக்குமா நைனா?"

மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் பாயில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாடு முறையில் கை தடவுகிறவர்களுக்குச் சீட்டே கிடையாது. வலை கட்டிய இடத்துப் பக்கம் அவர்கள் தடவப் போனால் விரட்டுவார்கள். பறியைப் பிடுங்கிக் கவிழ்த்த கதையெல்லாம் உண்டு.

"என்ன கேட்கிறார்?" என்றார் தாரா.

குரூப்புக்குள் வருகிற பூசலை வெளியாட்களிடம் மொழிபெயர்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. 'மீன் விலை கேட்கிறார்' என்று சொல்லி நகர்த்திவிடலாம். யாருக்கும் தெரியாது. கன்னியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் அந்தக் கேள்வியை அனுப்புகிறேனா முழுங்குகிறேனா என்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

"தேசிங்கண்ணே, சொல்லட்டுமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் பவுனம்மா. "வந்த எடத்துல ஊர் மானம் போவறதுக்கா?"

தேசிங்கு தண்ணீரைப் பார்த்தார். கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சொல்லு பாயம்மா. அவங்க கேட்டுட்டாங்க. கேட்டத இல்லேனு பண்ண முடியாது."

சொன்னேன். தாரா சொன்னார். வலைக்காரர் கன்னியம்மாவை அப்போதுதான் நேராகப் பார்த்தார். நீங்கள் எதில் பிடிப்பீர்கள் என்று கேட்டார். கன்னியம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

வலைக்காரர் யோசித்துப் பேசினார். "இந்த வரிசை எங்களுடையது. ஆனால் சின்ன வலை, தூண்டில், கை, இதில் வீட்டுக்குப் பிடிக்கிறவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், சட்டம் அப்படி. அதற்காகச் சண்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் குறைகிற மாசங்களில் இங்கேயும் ஒருவரை ஒருவர் விரட்டுகிறோம். ஆனால் சட்டத்தில் இருப்பதால் அவர்கள் வந்து கேட்க முடிகிறது."

கன்னியம்மா அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். "கையால புடிக்கிறதுனு சட்டத்துலயே போட்டுக்கீதா? 'கை'னு?"

அந்த வார்த்தை அப்படியே இருக்கிறதா என்று தாராவுக்குத் தெரியவில்லை. சின்னக் கருவிகள் என்று இருக்கிறது, கையும் அதில் சேரும் என்றார்.

"சேரும்" என்று கன்னியம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

6. படகில்

திரும்பி வரும்போது தேசிங்கு எழுந்து வந்து கன்னியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கோபமாக இருக்கிறாரோ என்று நான் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க எறங்கினா சேறு கலங்குது. எறா ஓடிடுது. வலைக்கு ஒண்ணும் வர்ல. எங்க வூட்டுலயும் புள்ளைங்க கீது" என்றார்.

"எங்க கால் கலக்குதா, உங்க மோட்டார் கலக்குதா? நாங்க குந்திக்கினு நகர்றோம். நீங்க டர்ர்னு போறீங்க."

"மோட்டார் நடு ஏரியில, ஆயத்துல போவுது. நீங்க தடவறது கரையோரம்."

"கரையோரம்தான் கேக்கறோம். ஆயத்த யாரு கேட்டா?"

 பவுனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வாக்குவாதம் பழவேற்காட்டில் நடந்திருக்க முடியாது. அங்கே இவர் படகில் போவார், அவர் தண்ணீரில் கழுத்தளவுக்கு இருப்பார். எதிரெதிரே உட்கார இடமே இல்லை. இங்கே ஒரே பலகையில் உட்கார வேண்டியிருந்தது, இறங்கிப் போக வழியில்லை.

கடைசியில் தேசிங்கு சொன்னார். "நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாது. ஊர்க் கூட்டத்துல வெக்கணும்."

"வெய்யி நைனா. ஆனா நாங்க இல்லாம வெக்காத."

7. பசியாவரம் கூட்டம்

ஊர் திரும்பிய பிறகு நான் அடுத்த குரூப், அடுத்த ஊர் என்று போய்விட்டேன். கொஞ்ச நாள் கழித்து தேசிங்குவிடமிருந்து போன். "கூட்டம் வெச்சிக்கீறோம் பாயம்மா. அந்த ஊர்ல வலைக்காரரு சொன்னத நான் சொன்னா என் ஆளுங்களே நம்ப மாட்டாங்க. நீ வந்து சொல்லு."

பசியாவரத்துக்குப் படகில் போனேன். கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள். கை தடவுகிற குடும்பங்களிலிருந்து கன்னியம்மாவும் இன்னும் சிலரும் வந்து, பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். யாரோ ஒருவர், "அவங்க அங்கியே நின்னு சொல்லட்டும், கேக்கறோம்" என்றார்.

தேசிங்கு பாயிலிருந்து எழுந்து போய் வெயிலில் அவர்கள் பக்கத்தில் நின்றார். "அப்போ நானும் இங்கேந்தே பேசறேன்" என்றார்.

முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் சத்தம் போட்டார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். தேசிங்கு நகரவில்லை. கடைசியில் முன் வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பாயில் இடம் வந்தது. கன்னியம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். பவுனம்மா கோட்டைக்குப்பத்திலிருந்து வந்து பின்னால் நின்று பார்த்தார், பாதியில் போய்விட்டார். அவர் மாறவில்லை. மாறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

நான் கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். பிறகு கூச்சல், கணக்கு, பழைய சண்டைகள். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு முடிவு வந்தது. கரையோரத்தில் ஒரு பகுதியில் இந்தப் பருவம் முழுக்க யாரும் வலை கட்டுவதில்லை, அதைக் கை தடவுகிறவர்களுக்கு விட்டுவிடுவது. அடுத்த வருஷம் மறுபடி கூடிப் பேசுவது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அரண்மனையையும் மார்க்கெட்டையும் இப்போது போனே காட்டிவிடுகிறது. நாம் எதற்கு என்றால், வந்தவர் ஒரு கேள்வி கேட்டால், அது யாரைக் குத்தினாலும், அதைக் குறைக்காமல், இனிப்புத் தடவாமல், கேட்க வேண்டியவர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. எனக்கு இது சர்வீஸ் முடிகிற நேரத்தில்தான் தெரிந்தது.

அன்றைக்குக் கன்னியம்மாவும் நானும் ஒரே படகில் கரைக்கு வந்தோம்.

"சந்தோஷமா?" என்று கேட்டேன்.

"பாதிதான் குடுத்தாங்க பாயம்மா" என்றார். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, படகு கரை தட்டுவதற்கு முன்னாலேயே தண்ணீரில் இறங்கினார். "மீதிய அடுத்த வருசம் கேக்கணும்."